ஆபீஸ் சர்வர் தலையில விழுந்துடுச்சு: தினசரிக்கு எந்தெந்த டெர்மினல் கட்டளை போதும்?

தம்புசெட்டி_தம்பி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தம்புச்செட்டித் தெருவுல ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்ல டாக்குமெண்டேஷன் பாக்குறேன். பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் ஸ்கேன் ஆகி ஒரு டெபியன் (லினக்ஸ்ல ஒரு வகை) மெஷின்ல இருக்கிற சாம்பா ஷேர்ல, அதாவது விண்டோஸ் பிசிங்களும் திறக்கிற பொது ஃபோல்டர்ல போய் விழும். அத பாத்துக்கிட்டிருந்த அண்ணன் வேலைய விட்டுட்டு வெளிநாடு போயிட்டாரு. கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்னு பேர் எடுத்த பாவத்துக்கு முதலாளி அத எங்கிட்ட தள்ளிட்டாரு. ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) பாஸ்வேர்ட் ஒரு துண்டுச் சீட்டுல இருக்கு, அவ்ளோதான்.

நான் விண்டோஸ் ஆளு. நெட்ல தேடினா ஐம்பது கட்டளை, நூறு கட்டளைன்னு பட்டியலா கொட்டுறாங்க. எது தினமும் வேணும், எத தொடக்கூடாதுன்னு எவனும் சொல்லல. இதுல இன்னிக்கு காலையில இருந்து ஸ்கேனர் "இடம் இல்ல"ன்னு கத்துது. ரூட்ல லாகின் மட்டும் ஆகுது. எங்க ஆரம்பிக்கிறது?

ராயபுரம்_ரூட் எழுதியது:

தம்பி, ஃபோன்ல இருந்து எழுதுறேன். கட்டளைய வாயால சொல்ற மாதிரியே தமிழ்ல போடுறேன், நீ ஆங்கிலச் சின்ன எழுத்துல அடிச்சுக்க. பெரிய எழுத்து வேணும்னா தனியா சொல்லுவேன். இடைவெளியும் கோடும் நான் போட்ட இடத்துலயே இருக்கணும்.

நூறு கட்டளைப் பட்டியல மூடி வை. கட்டளைன்னா ரெண்டே வகை: பாக்குறது, மாத்துறது. கொஞ்ச நாளைக்கு பாக்குறத மட்டும் அடி. அதுல எதுவும் கெட்டுப்போகாது, மெஷினோட குணமும் பிடிபடும். காலையில ஆபீஸ் போனதும் டீ வர்றதுக்குள்ள இதெல்லாம் ஓட்டிடலாம்:

யூப்டைம்
ஃப்ரீ -ஹெச்
டிஎஃப் -ஹெச்
டிஎஃப் -ஐ
சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட்
ஜர்னல்சிடிஎல் --பூட் --ப்ரயாரிட்டி=எர்ர்

யூப்டைம் கடைசியில மூணு எண் காட்டும். போன 1 நிமிஷம், 5 நிமிஷம், 15 நிமிஷத்தோட லோடு சராசரி. என்ப்ராக்-னு அடிச்சா எத்தன சிபியூ இருக்குன்னு வரும், அதோட ஒப்பிட்டுப் பாரு. லினக்ஸ்ல இந்த லோடு கணக்குல டிஸ்க்குக்காகக் காத்துக்கிட்டு நிக்கிற புராசஸும் சேரும். அதனால சிபியூ சும்மா இருந்து லோடு மட்டும் ஏறிப் போச்சுன்னா டிஸ்க்க சந்தேகப்படு.

டிஎஃப் -ஹெச் ஒவ்வொரு பார்ட்டிஷன்லயும் எவ்ளோ இடம் போச்சுன்னு சொல்லும். டிஎஃப் -ஐ ஐநோட் கணக்கு, அதாவது ஃபைலுக்கு ஒண்ணுன்னு டிஸ்க்ல இருக்கிற பதிவு. குட்டிக்குட்டி ஃபைல் லட்சக்கணக்குல சேந்தா, ஜிபி கணக்குல இடம் இருக்கும், ஆனா புது ஃபைல் உருவாக்க ஐநோட் இருக்காது. அப்பவும் அதே "இடம் இல்ல" செய்திதான் வரும். பட்டியல்ல கடைசி ரெண்டு கட்டளை, ஓடாம விழுந்த சர்வீஸையும் மெஷின் இந்த தடவ கிளம்பினதுல இருந்து வந்த பிழைச் செய்தியையும் காட்டும். இப்போதைக்கு டிஎஃப் ரெண்டையும் ஓட்டி இங்க போடு.

பெரம்பூர்_லேப்_டீச்சர் எழுதியது:

ரூட் சார் சொன்னது சரி, ஆனா அதுக்கும் முன்னாடி டேப் கீ. பாதி எழுதிட்டு டேப் தட்டினா மீதிய ஷெல்லே எழுதும். எழுதலைன்னா அந்தப் பேர்ல ஃபைலே இல்ல, இல்லன்னா பல இருக்குன்னு அர்த்தம். எங்க ஸ்கூல் லேப்ல பிள்ளைங்க பண்ற எழுத்துப்பிழை இதனாலயே பாதியா குறைஞ்சுது. அடுத்தது கண்ட்ரோல்-ஆர்: பழைய கட்டளைய ரெண்டு மூணு எழுத்த வச்சே தேடி எடுக்கலாம்.

தம்பி, ஹிஸ்டரின்னு அடிச்சுப் பாருங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவர் ரூட்ல என்னென்ன அடிச்சாருன்னு வரிசையா வரும். வேலைய ஒப்படைக்கும்போது அவர் சொல்லாம விட்டது பாதி அதுலயே கிடைக்கும்.

தம்புசெட்டி_தம்பி எழுதியது:

நன்றி டீச்சர், நன்றி அண்ணா. டிஎஃப் -ஐ எல்லாம் 10 சதவீதத்துக்குள்ளதான். டிஎஃப் -ஹெச்-ல முதல் வரி (/): அளவு 49 ஜிபி, பயன்பாடு 47 ஜிபி, மிச்சம் 0, 100 சதவீதம். ஆனா டியூ (ஃபைல் அளவ கூட்டிச் சொல்ற கட்டளை) போட்டு கூட்டினா மொத்தமே 19 ஜிபிதான் வருது! மீதி 28 எங்க போச்சு? கணக்கே ஒத்துவரல.

மணலி_மெஷின் எழுதியது:

இன்னா நைனா இதுக்கு ஒரு இழை. ரீபூட் பண்ணு, 28 ஜிபி திரும்பி வந்துடும். எங்க பிளாண்ட்ல நான் பாத்துட்டேன்.

ராயபுரம்_ரூட் எழுதியது:

மெஷின் சொல்றது நடக்கும். ஆனா இடத்த பிடிச்சு வச்சிருந்தது யாருன்னு தெரியாமலேயே போயிடும். அடுத்த மாசம் இதே கூத்து. வருஷக்கணக்கா அணைக்காத மெஷின்ல இன்னொரு ஆபத்தும் இருக்கு. /ஈடிசி/எஃப்எஸ்டேப்-ல (எந்த டிஸ்க்க எங்க மாட்டணும்னு சொல்ற ஃபைல்) யாராவது என்னிக்கோ தப்பா ஒரு வரி எழுதி வச்சிருந்தா, அது பூட் ஆகும்போதுதான் வெளிய வரும். கப்பல் டாக்குமெண்ட் போற நேரத்துல எமர்ஜென்சி மோடுல நிக்கும். ரீபூட் பண்றதா இருந்தா அதுக்கு முன்னாடி ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை ஓட்டிப் பாக்கணும்.

இப்ப தம்பியோட கணக்கு. லினக்ஸ்ல ஒரு ஃபைல ஆர்எம் போட்டு அழிச்சா, அந்தப் பேர் டைரக்டரியில இருந்து போயிடும். ஆனா ஏதோ ஒரு புரோகிராம் அத திறந்து வச்சிருந்தா, அது மூடுற வரைக்கும் டிஸ்க்ல இடம் விடுபடாது. டியூ டைரக்டரி டைரக்டரியா போய் பேர் இருக்கிற ஃபைல மட்டும் கூட்டும். டிஎஃப் ஃபைல்சிஸ்டம் கிட்டயே நேரா கேக்கும். வித்தியாசம் 28 ஜிபின்னா அங்கதான் ஒளிஞ்சிருக்கு. கண்டுபிடிக்க:

எல்எஸ்ஓஎஃப் +எல்1

இதுல ப்ளஸ்ஸுக்குப் பின்னாடி வர்ற எல் பெரிய எழுத்து, அதுக்குப் பின்னாடி எண் ஒன்று. அழிக்கப்பட்டும் திறந்தே இருக்கிற ஃபைல் எல்லாம் வரும். அளவு பெருசா இருக்கிற வரியப் போடு.

இன்னொன்னு. ஸ்கேனருக்கு இடம் இல்ல, ரூட்டுக்கு மட்டும் வேலை ஓடுதேன்னு நினைச்சிருப்ப. இஎக்ஸ்டி4-ல வழக்கமா 5 சதவீத இடத்த ரூட்டுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கும். 49-ல 47 போயும் மிச்சம் 0-ன்னு காட்டுறது அதனாலதான்.

தம்புசெட்டி_தம்பி எழுதியது:

கிடைச்சுது அண்ணா! எஸ்எம்பிடி (சாம்பாவோட புரோகிராம்), /வார்/லாக்/சாம்பா/ கீழ ஒரு லாக் ஃபைல் (நடந்தத எழுதி வைக்கிறது), 28 ஜிபி, பக்கத்துல "டிலீடட்". ஸ்கேனர் மாட்டியிருக்கிற பிசி பேர்லயே இருக்கு. டீச்சர் சொன்ன ஹிஸ்டரியில தேடினா, அந்த ஃபைல ஆர்எம் பண்ணின வரியும் இருக்கு.

ராயபுரம்_ரூட் எழுதியது:

இடம் நிறைஞ்சதும் பெரிய ஃபைல பாத்து அழிச்சிருக்காரு, இடம் திரும்பல, அதுக்குள்ள கிளம்பிட்டாரு போல. லாக் ஃபைல் வீங்கினா ஆர்எம் பண்ணக்கூடாது. ட்ரங்கேட் -எஸ் 0 போட்டு ஃபைல அப்படியே வச்சுக்கிட்டு உள்ள இருக்கிறத மட்டும் காலி பண்ணணும்.

ஆனா ஏன் 28 ஜிபி வரைக்கும் வளந்துது? சாம்பா தன் லாக தானே ஒரு அளவுல வெட்டிக்கும். கான்ஃபிக்ல "லாக் லெவல்", "மேக்ஸ் லாக் சைஸ்" ரெண்டு வரியையும் தேடு:

கிரெப் -ஐ லாக் /ஈடிசி/சாம்பா/எஸ்எம்பி.கான்ஃப்

தம்புசெட்டி_தம்பி எழுதியது:

லாக் லெவல் = 10. மேக்ஸ் லாக் சைஸ் = 0.

கறுப்புத்திரை எழுதியது:

அப்புறம் என்ன, கதை முடிஞ்சுது. ஏதோ லாகின் பிரச்சினைய ஆராய லெவல் 10 வச்சிருக்கார், திருப்பி வைக்கல. 10 என்பது டெவலப்பர்களுக்கான அளவு, ஒவ்வொரு அசைவையும் எழுதித் தள்ளும். சைஸ் 0 என்றால் வரம்பே கிடையாது.

செய்ய வேண்டியது இது. லெவலை 1 ஆக்குங்கள், சைஸை 1000 ஆக்குங்கள், அந்த எண் கிலோபைட் கணக்கு. அதற்கு முன் சிபி போட்டு கான்ஃபிக் ஃபைலுக்கு ஒரு நகல், பேரில் தேதியோடு. மாற்றிய பிறகு டெஸ்ட்பார்ம் ஓட்டினால் எழுத்துப்பிழை இருந்தால் காட்டிவிடும். அதற்குப் பிறகுதான் ரீஸ்டார்ட். இந்தப் பழக்கம் சாம்பாவுக்கு மட்டுமானது இல்லை. எஸ்எஸ்ஹெச்-க்கு எஸ்எஸ்ஹெச்டி -டி, என்ஜின்எக்ஸ்-க்கு என்ஜின்எக்ஸ் -டி (இரண்டிலும் டெஸ்ட் என்பதன் முதல் எழுத்து), சுடோ (ரூட் அதிகாரத்தில் கட்டளை ஓட்டும் வழி) கோப்புக்கு விசுடோ. சோதிக்க வழி இருக்கும்போது சோதிக்காமல் ரீஸ்டார்ட் பண்ணுகிறவரை நான் அட்மின் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

எஸ்எம்பிஸ்டேட்டஸ் அடித்துப் பாருங்கள், யார் எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார் என்று வரும். எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில்: சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எம்பிடி.

மணலி_மெஷின் எழுதியது:

ரீஸ்டார்ட் பண்ணவே முடியாத சர்வீஸ்னா? எங்க பிளாண்ட்ல அப்படி ஒண்ணு இருக்கு.

ராயபுரம்_ரூட் எழுதியது:

வழி இருக்கு. எல்எஸ்ஓஎஃப்-ல புராசஸ் எண்ணும் எஃப்டி (திறந்த ஃபைலோட) எண்ணும் வருதில்ல, /ப்ராக்/புராசஸ்எண்/எஃப்டி/எஃப்டிஎண் அப்படின்னு ஒரு பாதை இருக்கும். அழிச்ச ஃபைலா இருந்தாலும் அந்தப் பாதை வழியா ட்ரங்கேட் -எஸ் 0 பண்ணா இடம் உடனே விடுபடும். லாக் ஃபைலுக்கு மட்டும் இந்த வித்தை. டேட்டாபேஸ் ஃபைல்ல கை வச்சுடாத.

தம்புசெட்டி_தம்பி எழுதியது:

முடிஞ்சுது! இப்ப பயன்பாடு 19 ஜிபி, மிச்சம் 28, 41 சதவீதம். ஸ்கேனர் ஓடுது. முதலாளி என்ன பண்ணேன்னு கேட்டாரு, லாக்னு சொன்னேன், பூட்டுன்னு நினைச்சுக்கிட்டாரு. விட்டுட்டேன்.

இன்னொரு விஷயம். அண்ணன் சொன்ன ஜர்னல்சிடிஎல் கட்டளையில சிவப்பு சிவப்பா வருது. எஸ்டிபி, ஐ/ஓ எர்ரர்னு நிறைய வரி. எஸ்டிபிங்கறது பேக்கப் போற ரெண்டாவது ஹார்ட்டிஸ்க்னு எல்எஸ்பிஎல்கே காட்டுச்சு. அதோட மெமரி வேற தீர்ந்துபோச்சு போல, ஃப்ரீ-ல 200 எம்பிதான் இருக்கு. ரேம் வாங்கச் சொல்லட்டுமா?

பெரம்பூர்_லேப்_டீச்சர் எழுதியது:

ரேம் வாங்க வேணாம்! "ஃப்ரீ" பத்திய பாக்காதீங்க, கடைசியில "அவெய்லபிள்"னு ஒரு பத்தி இருக்கும், அதுதான் கணக்கு. சும்மா கிடக்கிற ரேம டிஸ்க் கேஷா லினக்ஸ் எடுத்துக்கும், புரோகிராம் கேட்டா திருப்பிக் கொடுத்துடும். அவெய்லபிள் குறைஞ்சு, ஸ்வாப்பும் (ரேம் பத்தாம டிஸ்க்குக்குப் போறது) நாளுக்கு நாள் ஏறினாத்தான் கவலைப்படணும். எங்க லேப்ல ஒருத்தர் கேஷ காலி பண்ற கட்டளைய மணிக்கொரு தரம் ஓட வச்சிருந்தாரு, மெஷின் மெதுவாகுதுன்னு அவரே புகாரும் சொன்னாரு.

ஒற்றியூர்_உப்புக்காத்து எழுதியது:

ஹார்ட்டிஸ்க் விஷயத்துக்கு நான் வர்றேன். திருவொற்றியூர்ல சர்வீஸ் சென்டர் வச்சிருக்கேன். ஐ/ஓ எர்ரர்னதும் டிஸ்க் செத்துடுச்சுன்னு புதுசு வாங்கிடாதீங்க. ஸ்மார்ட்மான்டூல்ஸ் பேக்கேஜ போட்டுட்டு இத ஓட்டுங்க:

ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிபி

(ஏ சின்ன எழுத்து.) நீளமான அட்டவணை வரும். மூணு வரி மட்டும் பாருங்க, கடைசியில இருக்கிற ரா மதிப்பு. எண் 5: கெட்டுப்போய் மாத்தி வச்ச செக்டார். எண் 197: படிக்க முடியாம நிலுவையில நிக்கிற செக்டார். எண் 199: சிஆர்சி எர்ரர், டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா போகும்போது கெட்ட கணக்கு. 5-உம் 197-உம் ஏறிக்கிட்டே போனா டிஸ்க் போகுது, உடனே நகல் எடுங்க. அது ரெண்டும் பூஜ்யமா இருந்து 199 மட்டும் ஏறியிருந்தா பெரும்பாலும் சாட்டா கேபிள்.

கடல் பக்கம் இருக்கிற நம்ம ஏரியாவுல இது ரொம்ப சாதாரணம். கனெக்டர்ல உப்பு ஏறி பச்சை பிடிச்சுப்போகும். காசிமேட்டுல இருந்து வர்ற மெஷின நான் திறந்ததும் முதல்ல கேபிளத்தான் கழட்டிப் பாப்பேன்.

தம்புசெட்டி_தம்பி எழுதியது:

5-உம் 197-உம் பூஜ்யம். 199 பக்கத்துல நாலு இலக்க எண்.

ஒற்றியூர்_உப்புக்காத்து எழுதியது:

கேபிள்தான் தம்பி. முறையா மெஷின அணைச்சுட்டு மாத்து. நல்ல கிளிப் வச்ச கேபிளா வாங்கு. மாத்தினதும் 199 பூஜ்யத்துக்கு வராது, அந்த எண் குறையவே குறையாது. குறிச்சு வச்சுக்கிட்டு மேல ஏறுதான்னு மட்டும் பாரு. ஏறலைன்னா சரியாச்சு.

கறுப்புத்திரை எழுதியது:

தம்பி இன்னும் ரூட்டிலேயே லாகின் ஆகிறார் என்று நினைக்கிறேன். முதலில் அதை நிறுத்துங்கள். உங்களுக்கென்று ஒரு யூசர், அதற்கு சுடோ. இன்ஸ்டால் பண்ணும்போது ரூட் பாஸ்வேர்ட் வைத்திருந்தால் டெபியன் உங்கள் யூசருக்கு சுடோ அமைத்திருக்காது, நீங்களே ஏப்ட் வழியாகப் போட்டுக்கொண்டு, அட்யூசர் கட்டளையால் உங்கள் பேரை சுடோ குழுவில் சேர்க்க வேண்டும். லாகவுட் ஆகி மறுபடி உள்ளே வந்தால்தான் அமலாகும். யார் எப்போது என்ன செய்தார் என்பது சுடோ வழியாகப் போனால் லாகில் நிற்கும். நாளை இன்னொருவர் உங்களோடு சேர்ந்தால் அதன் அருமை தெரியும்.

ஷேரில் பர்மிஷன் பிரச்சினை வந்தால் சிஹெச்மாட் 777 போடச் சொல்லி யாராவது வருவார்கள். கேட்காதீர்கள். எல்லாருக்கும் எல்லாம் எழுதும் உரிமை என்று அர்த்தம். எல்எஸ் -எல் போட்டு ஃபைல் யாருடையது, எந்தக் குழு என்று பாருங்கள். சிஹெச்ஓன் (உரிமையாளரை மாற்றும்), சிஹெச்ஜிஆர்பி (குழுவை மாற்றும்) இரண்டிலேயே தொண்ணூறு பாகம் தீர்ந்துவிடும்.

மணலி_மெஷின் எழுதியது:

நான் 777 சொல்ல வந்தேன், முந்திக்கிட்டாரு. சரி, ஹேங்க் ஆன புராசஸுக்கு கில் -9 போடலாமா, அதுக்கும் தடையா?

ராயபுரம்_ரூட் எழுதியது:

தடையில்ல, வரிசை இருக்கு. வெறும் கில்-னு போட்டா 15-ஆம் நம்பர் சிக்னல் போகும். புரோகிராம் அத வாங்கிக்கிட்டு, கையில இருக்கிறத எழுதி, ஃபைல மூடிட்டு தானா போகும். 9 போனா புரோகிராமுக்கே தெரியாது, கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) நேரா தூக்கிடும். டேட்டாபேஸுக்கு முதல்லயே 9 போடுறது வேண்டாத வேலை. 15 போட்டு, கொஞ்சம் பொறுத்து, அப்புறம் 9.

9-க்கும் சாகாத புராசஸ் உண்டு. பிஎஸ் ஆக்ஸ்-ல நிலைங்கற பத்தியில பெரிய டி எழுத்து (டிஸ்க்குல வர்ற டி) நிக்கும். அது டிஸ்க்கோ நெட்வொர்க் ஷேரோ பதில் சொல்லட்டும்னு கெர்னலுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்குது. அங்க கில் அடிச்சுப் பிரயோஜனமில்ல, டிஸ்க்க பாக்கணும்.

தம்புசெட்டி_தம்பி எழுதியது:

கேபிள் மாத்தியாச்சு, 199 ஏறல. இப்ப ரெண்டு கேள்வி. பழைய ஸ்கேன் எல்லாம் குவிஞ்சிருக்கு, அழிக்கணும், பயமா இருக்கு. ரெண்டாவது, பேக்கப்ப தினமும் ராத்திரி தானா ஓட வைக்கணும். வீட்டுல (கொருக்குப்பேட்டை) இருந்து பாக்க முடிஞ்சா இன்னும் நல்லா இருக்கும்.

ராயபுரம்_ரூட் எழுதியது:

கஸ்டம்ஸ் பேப்பர அழிக்கிறதுக்கு முன்னாடி எத்தன வருஷம் வச்சிருக்கணும்னு முதலாளிகிட்ட எழுத்துல வாங்கிக்க. அது டெர்மினல் விஷயமில்ல.

அழிக்கிற முறை: முதல்ல அழிக்காத. ஃபைண்ட் பாதை -டைப் எஃப் -எம்டைம் +365 -பிரிண்ட் போட்டு பட்டியல லெஸ்-ல (பக்கம் பக்கமா காட்டும்) ஓட்டி முழுசா படி. சரியா இருந்தா, மேல் அம்பு தட்டி அதே வரிய எடுத்து, கடைசியில இருக்கிற -பிரிண்ட்ட மட்டும் -டிலீட்னு மாத்து. அது கடைசியிலதான் இருக்கணும். ஃபைண்ட் இடமிருந்து வலமா படிக்கும். -டிலீட்ட முன்னாடி போட்டா நிபந்தனையெல்லாம் பாக்குறதுக்கு முன்னாடியே அந்தப் பாதைக்குக் கீழ இருக்கிற எல்லாத்தையும் தொடச்சிடும். குப்பைத்தொட்டி கிடையாது, திரும்ப வராது.

பேக்கப்புக்கு ஆர்சிங்க். நீ ஓட்டுற சாம்பாவ 1992-ல ஆரம்பிச்ச ஆஸ்திரேலியாக்காரர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்தான், பால் மக்கராஸோட சேந்து 1996-ல இதையும் வெளியிட்டாரு. மாறின ஃபைல மட்டும் எடுக்கும், தினசரிக்கு அதுதான் வசதி.

ஆர்சிங்க் -ஏவி --ட்ரை-ரன் /எஸ்ஆர்வி/ஸ்கேன்/ /பேக்கப்/ஸ்கேன்/

--ட்ரை-ரன் இருக்கிற வரைக்கும் என்ன பண்ணப்போறேன்னு சொல்லும், பண்ணாது. மூல டைரக்டரி கடைசியில இருக்கிற சாய்கோடு ரொம்ப முக்கியம். இருந்தா உள்ள இருக்கிறது மட்டும் போகும். இல்லைன்னா டைரக்டரியே போய், /பேக்கப்/ஸ்கேன்/ஸ்கேன்-னு உள்ளுக்குள்ள இன்னொண்ணு உருவாகும். --டிலீட் ஆப்ஷன் இப்போதைக்கு வேணாம். ஆபீஸ்ல யாராவது தப்பா அழிச்சா, ராத்திரி அது பேக்கப்லயும் அழிஞ்சுடும்.

ஒற்றியூர்_உப்புக்காத்து எழுதியது:

ரூட் அண்ணே, ஒண்ணு சேத்துக்கணும். பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகாம (அந்த டைரக்டரியோட இணையாம) இருந்தா /பேக்கப் வெறும் காலி டைரக்டரிதான். ஆர்சிங்க் சந்தோஷமா அதுக்குள்ளயே எழுதி, முதல் டிஸ்க்க நிரப்பிடும். எங்கிட்ட வர்ற கேஸ்ல இது அடிக்கடி நடக்குது. அதனால முன்னாடி இத போடுங்க:

மவுண்ட்பாயிண்ட் -க்யூ /பேக்கப் && ஆர்சிங்க் ...

மவுண்ட் ஆகியிருந்தாத்தான் அடுத்தது ஓடும்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ வடசென்னையில பல ஆபீஸ்ல தண்ணி ஏறுறதுக்கு முன்னாடி கரண்டுதான் போச்சு. யூபிஎஸ் பீப் அடிக்கும்போதே ஷட்டவுன் -ஹெச் நவ் போட்டவங்க மெஷின் நல்லபடியா எழுந்துச்சு. அதுக்கு அப்புறம் மெஷின் ஒழுங்கா அணைஞ்சுதா, திடீர்னு செத்துதான்னு பாக்க லாஸ்ட் -எக்ஸ் இருக்கு (டெபியன் 12 வரைக்கும் கூடவே வரும்). ரெண்டு ரீபூட் வரிக்கு நடுவுல ஷட்டவுன் வரி இல்லைன்னா மெஷின் திடீர்னு செத்திருக்குன்னு எடுத்துக்கலாம். பேக்கப்ப அதே மேஜைக்குக் கீழயே வச்சிருந்தா தண்ணிக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஒரு நகல் வேற இடத்துல இருக்கட்டும்.

பெரம்பூர்_லேப்_டீச்சர் எழுதியது:

வீட்டுல இருந்து பாக்க எஸ்எஸ்ஹெச். விண்டோஸ் 10-லயே 2018-ல இருந்து கூடவே வருது, பவர்ஷெல் திறந்து எஸ்எஸ்ஹெச் யூசர்@முகவரி அடிச்சாலே போதும். 1995-ல ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல நெட்வொர்க்ல போற பாஸ்வேர்ட யாரோ திருடினதுக்கு அப்புறம் டாட்டு யூலோனன் எழுதினது. அதுக்கு முன்னாடி இருந்த டெல்நெட்ல பாஸ்வேர்ட் அப்படியே வெளிய தெரியும்.

சாவி முறைக்கு மாறிடுங்க. எஸ்எஸ்ஹெச்-கீஜென் போட்டா ரெண்டு ஃபைல் வரும். .பப்-னு முடியுறத மட்டும் சர்வர்ல போடுங்க, மத்தது உங்க லேப்டாப்ப விட்டு வெளிய போகக்கூடாது. சாவியில நுழைய முடியுதுன்னு இன்னொரு விண்டோவுல உறுதி பண்ணிக்கிட்டு அப்புறம் பாஸ்வேர்ட் லாகின நிறுத்துங்க. ஏற்கனவே திறந்திருக்கிற விண்டோவ மூடிடாதீங்க.

ஆபீஸ் ரவுட்டர்ல 22-ஆம் போர்ட்ட திறந்து விடாதீங்க. ரவுட்டர்ல வயர்கார்டு மாதிரி விபிஎன் இருந்தா அது வழியா வாங்க. உங்க சர்வர்ல எந்தெந்த போர்ட் காது கொடுத்துக்கிட்டு இருக்குன்னு எஸ்எஸ் -டியூஎல்பிஎன் காட்டும், சுடோவோட ஓட்டணும். ஐஎஃப்கான்ஃபிக்னு பழைய பதிவுல எழுதியிருப்பாங்க. புது டெபியன்ல அது இருக்காது, ஐபி ஏ அடிங்க.

கறுப்புத்திரை எழுதியது:

எஸ்எஸ்ஹெச்-இல் நுழைந்ததும் டிமக்ஸ் தட்டுங்கள். நீண்ட நேரம் ஓடும் காப்பியின் நடுவில் வீட்டு வைஃபை போனாலும் அங்கே வேலை ஓடிக்கொண்டிருக்கும். திரும்ப நுழைந்து டிமக்ஸ் அட்டாச். தொலைவில் இருந்து சிஸ்டம் அப்டேட் பண்ணுகிறவர்களுக்கு இதைக் கட்டாயமாகவே ஆக்கலாம்.

தம்புசெட்டி_தம்பி எழுதியது:

சாவி வேலை செய்யுது, வயர்கார்டும் போட்டாச்சு. பேக்கப்ப கையால ஓட்டினா அழகா ஓடுது. கிரான்டேப்ல (குறிச்ச நேரத்துக்கு கட்டளைய தானா ஓட்டுற அட்டவணை) போட்டா ஓடவே மாட்டேங்குது. லாக் ஃபைல் பேர்ல தேதி வரட்டும்னு டேட் +%எஃப் (எஃப் பெரிய எழுத்து) சேத்திருக்கேன். என்ன தப்பு?

மணலி_மெஷின் எழுதியது:

இது எனக்குத் தெரியும்! அந்த சதவீதக் குறி. கிரான்டேப் வரியில % வந்தா அங்கயே கட்டளை முடிஞ்சுதுன்னு எடுத்துக்கும், மீதிய கட்டளைக்கு உள்ளீடா தள்ளிடும். முன்னாடி ஒரு பின்சாய்கோடு போடு, \%எஃப். நான் ஒரு ஷிப்ட் முழுக்க இதோட மல்லுக்கட்டியிருக்கேன்.

கறுப்புத்திரை எழுதியது:

மெஷின் சொன்னது சரி. இன்னும் நல்லது, முழுக் கட்டளையையும் ஒரு ஸ்கிரிப்ட் ஃபைலில் எழுதி, கிரான்டேப்பில் அந்த ஃபைலின் முழுப் பாதையை மட்டும் கொடுப்பது. ஸ்கிரிப்டுக்குள் % தொல்லை கிடையாது. கிரானுக்கு உங்கள் ஷெல்லில் இருக்கும் பாத் அமைப்பும் தெரியாது, /யூஎஸ்ஆர்/பின், /பின் இரண்டையும்தான் பார்க்கும். எஸ்பின்-இல் இருக்கிற ஸ்மார்ட்சிடிஎல் போன்றவை கையால் ஓடி, கிரானில் ஓடாமல் போவது அதனால்தான். வெளியீட்டை >> லாக் 2>&1 என்று ஃபைலுக்குத் திருப்பினால் பிழைச் செய்தியும் அதிலேயே விழும்.

ராயபுரம்_ரூட் எழுதியது:

கிரான்டேப் -ஈ அடிக்கும்போது கண்ண கீபோர்டுல வை தம்பி. ஈ-க்கு அடுத்த பட்டன் ஆர். கிரான்டேப் -ஆர் போட்டா உறுதியான்னு கூட கேக்காம மொத்த அட்டவணையும் போயிடும். இப்பவே கிரான்டேப் -எல் > கிரான்.நகல்-னு ஒரு ஃபைல் எடுத்து வச்சுக்க. போச்சுன்னா கிரான்டேப் கிரான்.நகல் அடிச்சா திரும்பி வந்துடும்.

தம்புசெட்டி_தம்பி எழுதியது:

எடுத்துட்டேன் அண்ணா. ஸ்கிரிப்ட்டாவும் மாத்திட்டேன். நேத்து ராத்திரி ஓடினது லாக்ல இருக்கு. நாளைக்கு ஒரு ஃபைல பேக்கப்ல இருந்து எடுத்துத் திறந்து பாத்துட்டு எழுதுறேன்.